குரலுக்கு ஒரு முகம்

உங்கள் வீட்டுப் பரணிலே பழைய இசைத்தட்டு ஏதாவது கிடக்கிறதா? மதுரையானாலும் சரி, மயிலாப்பூரானாலும் சரி, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலானாலும் சரி, பாட்டி காலத்து வீடாக இருந்தால் வெண்கலப் பானைக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் நடுவே இரண்டு மூன்றாவது ஒளிந்துகொண்டிருக்கலாம். அடுத்த தடவை ஒட்டடை அடிக்கும்போது கீழே இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள்.

தட்டுக்கு மேலே ஒரு காகித உறையோ அட்டை உறையோ இருக்கும். அந்த உறைக்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'ஸ்லீவ்' என்பார்கள், 'ஜாக்கெட்' என்றும் சொல்வார்கள். ஆமாம், தையற்காரரிடம் அளவு கொடுத்துவிட்டு வாதாடுகிறீர்களே, அதே ஜாக்கெட்தான்!

உங்கள் ரவிக்கைக்கு எந்தத் துணி, கை எவ்வளவு நீளம், கழுத்து எவ்வளவு இறக்கம் என்பதையெல்லாம் நீங்களே முடிவு செய்கிறீர்கள். தையற்காரர் அதன்படி நடக்கிறாரா என்பது வேறு விஷயம்! ஆனால் புதிதாகப் பாட வந்த ஒரு பெண்ணை உலகத்துக்கு அறிமுகப்படுத்தும்போது, என்ன பெயர் போடுவது, எந்த ஊரைச் சொல்வது, எந்தப் புடவை கட்டிய படத்தைப் போடுவது, அல்லது படமே இல்லாமல் விட்டுவிடுவதா என்பதையெல்லாம் யார் முடிவு செய்தார்கள்? குரல் அவளுடையது. முகம் யார் கொடுத்தது?

சுவையான கதை அது. கொஞ்சம் மனத்தைத் தொடும் கதையும்கூட.

தட்டின் முடிவில் ஒரு பெயர்

1902-ம் வருஷம் நவம்பர் மாதம். லண்டன் கிராமபோன் கம்பெனி அனுப்பி வைத்த பிரெட் கெய்ஸ்பர்க் என்ற அமெரிக்கர் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். நவம்பர் 11-ம் தேதி அவர் முன்னால் பாட வந்தவர் கௌஹர் ஜான். கல்கத்தாவில் அப்போது அவரைவிடப் புகழ் பெற்ற பாடகி இல்லை.

அந்தக் காலத்தில் மைக் ஏது? பெரிய குழல் ஒன்றின் வாய்க்கு நேரே முகத்தை நீட்டி உரக்கப் பாட வேண்டும். விடிய விடியப் பாடுகிற ராகத்தை மூன்று நிமிஷத்துக்குள் சுருக்கி முடிக்க வேண்டும். கௌஹர் ஜான் முடித்தார். முடித்த கையோடு, 'என் பெயர் கௌஹர் ஜான்' என்று இங்கிலீஷில் உரக்கச் சொன்னார்.

ஏன் தெரியுமா? இங்கே பதிவு செய்த தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்குப் போகும். அங்கேதான் பிரதிகள் அச்சாகும். அங்கே உள்ள தொழிலாளிகளுக்கு ஹிந்துஸ்தானியும் தெரியாது, வங்காளியும் தெரியாது. எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது? அதற்காகத்தான் கடைசியில் பெயரைச் சொல்லும் வழக்கம். ஏற்பாடு கம்பெனிக்காரர்களுடையதாக இருக்கலாம். ஆனால் படமும் அட்டையும் இல்லாத அந்தக் காலத்தில், அந்த ஒரு வாக்கியமே அம்மாளுக்கு மேலுறை, அதுவே விளம்பரம். அதைச் சொன்னதும் அவருடைய சொந்தக் குரலே!

பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் ஆஞ்சலினா. தாயார் மல்கா ஜானும் பிறகு பெயர் மாற்றிக்கொண்டவர்தான். மாற்றிக்கொண்ட பெயர் நாடெங்கும் பரவிற்று. கௌஹர் ஜானின் படம் தபால் கார்டுகளிலே வந்தது. ஆஸ்திரியாவில் செய்த தீப்பெட்டிகளின் மேலும் வந்தது. அடுப்பு மூட்டும்போதுகூட அம்மாளின் தரிசனம்!

ஆனால் இசைத்தட்டைப் பாருங்கள். பழுப்புக் காகித உறை, நடுவிலே வட்டமாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத் தட்டின் நடுவே ஒட்டிய லேபில் தெரியும். உறையின் மேல் அச்சடித்திருப்பது பெரும்பாலும் கம்பெனியின் பெயர், கடைக்காரரின் விலாசம். பிற்காலத்தில் 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' தட்டுகளில் படம் ஒன்று வந்தது. யார் படம்? பிரான்சிஸ் பரோ என்ற ஓவியர் தீட்டிய நாயின் படம்! பாடியவருக்கு முகம் இல்லை; கேட்டுக்கொண்டிருந்த நாய்க்கு முகம் இருந்தது.

ஊரும் பேரும்

நம் பக்கத்துப் பாடகிகளுக்கு அந்த லேபிலில் கிடைத்த இடம் ஒரு வரி, அல்லது இரண்டு வரி. அந்த இரண்டு வரியில் ஒரு பெண்ணை எப்படி விளம்பரம் செய்வது? ஊரைச் சொன்னார்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சீபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்னம்மாள். நாகரத்னம்மாள் பிறந்தது நஞ்சன்கூட்டில். ஆனால் புகழ் கிடைத்த ஊர் பெங்களூர். அந்த ஊரே பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

இது சாமான்ய விளம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள். கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டு ஒன்று மோரிஸ் தெலாழ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளருக்குக் கிடைத்தது. கேட்டவர் சொக்கிப்போனார். அந்தப் பாட்டை வைத்தே 'ராகமாலிகா' என்று குரலுக்கும் பியானோவுக்குமாக ஓர் உருப்படி செய்தார். பாஷை புரியாது. ஊரும் பேரும் எழுதிய வட்டக் காகிதம் ஒன்றுதான். குரல் பாரிஸ் வரை போய்விட்டது!

இனிஷியலில் இருக்கும் அம்மா

அடுத்து வந்த தலைமுறையில் ஊரின் பெயர் ஒரே எழுத்தாகச் சுருங்கிற்று. இங்கேதான் நம் பெண்மணிகள் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள்.

எம்.எஸ். சுப்புலக்ஷ்மி. எம் என்றால் மதுரை. எஸ்? ஷண்முகவடிவு. அவருடைய தாயார்.

கே.பி. சுந்தராம்பாள். கே என்றால் கொடுமுடி. பி? பாலாம்பாள். அவருடைய தாயார்.

எம்.எல். வசந்தகுமாரி. எம் என்றால் மதராஸ். எல்? லலிதாங்கி. அவரும் தாயார்தான், பெரிய பாடகி.

தாயாரே வீட்டின் தலைவியாக இருந்த இசைக் குடும்பங்கள் அந்நாளில் பல இருந்தன. அந்தக் குடும்பங்களைப் பற்றி ஊரார் இரண்டு விதமாகப் பேசுவார்கள். பாட்டைக் கேட்கக் கூட்டம் கூட்டமாக வருவார்கள்; வீட்டைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்படியிருந்தும் இந்தப் பெண்கள் தாயாரின் எழுத்தை ஒளிக்கவில்லை. எத்தனை லட்சம் தட்டு விற்றாலும் ஒவ்வொரு தட்டிலும் அது இருந்தது. 1940-ல் திருமணம் ஆன பிறகும் எம்.எஸ். எம்.எஸ்.தான். புகுந்த வீட்டு எழுத்து வந்து அம்மாவின் எழுத்தைத் தள்ளிவிடவில்லை. விளம்பரக் கலையில் இதைவிடக் கௌரவமான எழுத்து எது?

வேறு வகைக் குடும்பத்திலிருந்து வந்தவர் டி.கே. பட்டம்மாள். டி என்பது தாமல். கே என்பது தகப்பனார் கிருஷ்ணசாமி. காஞ்சீபுரத்து வைதிகக் குடும்பம். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் மேடையேறிப் பாடுவதே அப்போது நாட்டுக்குப் புதிது. சினிமாவுக்கு அழைப்பு வந்தது. 1939-ல் 'தியாகபூமி'க்காகப் பாடினார். ஆனால் தேசபக்திப் பாட்டும் தெய்வபக்திப் பாட்டும்தான். காதல் பாட்டுக்கு இடமில்லை. திரையில் தோன்றுவதும் இல்லை. குரலைக் கொடுக்கிறேன், முகத்தைக் கேட்காதே என்று வரம்பு கட்டிக்கொண்டவர் அவர்.

கே.பி. சுந்தராம்பாள் வேறு வழியிலே முகத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். 1933-ல் கிட்டப்பா காலமானபோது அம்மாளுக்கு வயது 25. நகைகளைக் கழற்றினார். வெள்ளைக் கதர்ப் புடவை, நெற்றி நிறைய விபூதி. எந்த ஆண் நடிகருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம். 1935-ல் 'நந்தனார்' படம் எடுத்தவர்கள் ஒரு லட்ச ரூபாய் கொடுத்து அழைத்தார்கள். அந்தத் தொகையே பெரிய விளம்பரமாகிவிட்டது! அதிலும் அம்மாளே ஆண் வேஷம் பூண்டு நந்தனாராக நடித்தார். விரதத்துக்குப் பங்கம் இல்லை. 1953-ல் 'ஔவையார்' வந்தது. இன்றைக்கும் ஔவை என்றதும் கண் முன்னால் யார் வருகிறார், சொல்லுங்கள்?

உறைக்கு வந்த ஓவியர்

இதெல்லாம் இங்கே நடந்துகொண்டிருக்க, கடலுக்கு அப்பால் பழுப்புக் காகித உறையைக் கண்டு ஓர் இளைஞர் முகம் சுளித்தார். அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியில் 1939-ல் வேலைக்குச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். வயது 22.

நீளமான சங்கீதத்துக்கு ஒரு தட்டுப் போதாது. நாலைந்து தட்டுகளைப் போட்டோ ஆல்பம் போலச் சேர்த்துக் கட்டி விற்பார்கள். 'ஆல்பம்' என்ற பெயர் வந்ததே அப்படித்தான். அந்தக் கட்டுகள் கடையிலே கல்லறைக் கற்கள் மாதிரி நிற்கின்றனவே என்று ஸ்டைன்வைஸுக்குத் தோன்றிற்று. மேலே படம் போடுவோம் என்றார். 1940-ல் ஒரு தியேட்டர் வாசலில் உள்ள விளக்குப் பலகையின் எழுத்துக்களை மாற்றி வைத்து, ஆல்பத்தின் பெயரை அதிலே மின்ன வைத்துப் போட்டோ பிடித்து அச்சிட்டார். அதே பழைய சங்கீதமும் புதுச் சட்டை போட்டுக்கொண்டபின் பல மடங்கு விற்றது!

1948-ல் 'லாங் பிளே' தட்டு வந்தது. ஓர் அடிக்கு ஓர் அடி அட்டை உறை. முன்பக்கம் முகம், பின்பக்கம் ராகம், தாளம், இயற்றியவர் பெயர். பாடுகிறவரின் முகத்துக்கு முதல் தடவையாகத் தாராளமாக இடம் கிடைத்தது. ஆனால் எந்த முகம்?

விளம்பரம் தெரிந்தவர்

எம்.எஸ். அவர்களின் முதல் இசைத்தட்டு 1926-ல், அவருடைய பத்தாவது வயதில் வெளிவந்தது. தாயார் வீணை வாசிக்க, குழந்தை பாடிற்று. பத்து வருஷம் கழித்து, 1936-ல் அவர் வாழ்க்கையில் வந்தவர் டி. சதாசிவம். 'ஆனந்த விகட'னில் விளம்பரப் பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்தவர். ஒரு பண்டத்தை எந்த வார்த்தையால், எந்தப் படத்தால், எந்த நாளில் ஜனங்கள் முன் வைக்க வேண்டும் என்பது அவருக்குக் கரதலப் பாடம்.

எந்த மேடையில் பாடுவது, எந்த நிதிக்காகப் பாடுவது, எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்பது வரை அவர் யோசனை செய்தார். 1941-ல் 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். நாரதராக நடித்தார், அந்தப் பணத்தில் 'கல்கி' பத்திரிகை பிறந்தது. 1944-ல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்தார். பிறகு 'மீரா' வந்தது.

'மீரா'வுக்கு முன்னால் நடந்த ஒரு வேலையைக் கேளுங்கள். டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன், காமிராக்காரர் ஜிதன் பானர்ஜி. எம்.எஸ். அவர்களின் முகத்தை மார்பளவுச் சிலையாகச் செய்ய வைத்தார்கள். விளக்கை இப்படித் திருப்பினால் மூக்கு எப்படித் தெரிகிறது, அப்படித் திருப்பினால் கண் எப்படித் தெரிகிறது என்று அந்தச் சிலையை வைத்துப் படம் படமாக எடுத்துப் பார்த்தார்கள். எந்த வெளிச்சத்தில் அந்த முகம் பக்தியே உருவானதாகத் தெரிகிறதோ, அதைக் குறித்து வைத்துக்கொண்டார்கள். 1945 தீபாவளிக்குப் படம் வந்தது. 1947-ல் ஹிந்தியில் வந்தபோது, திரையில் தோன்றி நாட்டுக்கு அறிமுகம் செய்து வைத்தவர் சரோஜினி நாயுடு! இதைவிடச் சிறந்த மேலட்டை யாருக்குக் கிடைக்கும்?

இப்படியே அந்த முகம் நிலைத்தது. காஞ்சீபுரம் பட்டு, நெற்றியில் குங்குமம், இரு மூக்கிலும் வைரம், தலையில் மல்லிகை. காஞ்சீபுரத்து முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த நீலத்துக்கு 'எம்.எஸ். நீலம்' என்றே பெயர் வந்துவிட்டது. கடையிலே அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். 1963-ல் சுப்ரபாதம் இசைத்தட்டு வந்தது. 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் கச்சேரி. எங்கே போனாலும் அதே முகம். பின்னால் வந்த எத்தனையோ பாடகிகளின் அட்டைப் படங்களும் அந்த வார்ப்பில் வார்த்தவையாகவே இருந்தன.

குரலைத் தாழ்த்திப் பேசிய ஊரார் அந்த முகத்தின் முன்னால் கைகூப்பினார்கள். அது பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஒரு பெண்ணுக்குக் கவசம் செய்து கொடுத்த வெற்றி. ஆனால் கவசத்தை நினைத்தபோது கழற்றிவிட முடியுமா?

அட்டைக்கு வராத படம்

இன்னொரு படமும் இருக்கிறது. 1937-ஐ ஒட்டி எடுத்தது. எம்.எஸ். அவர்களும் அவருடைய சிநேகிதி, நாட்டிய மேதை பாலசரஸ்வதியும் சேர்ந்து நிற்கிறார்கள். இருவருக்கும் இருபது வயதுப் பிராயம். பட்டுப் புடவை இல்லை. மல்லிகைப் பூ இல்லை. வெள்ளைக்காரர்கள் இரவிலே போட்டுக்கொள்ளும் கால்சட்டையும் சட்டையும்! விரலிடுக்கிலே சிகரெட்!

பயந்துவிடாதீர்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து செய்த குறும்பு அது. சினிமாவிலே துரைசாணிகள் செய்வதைப் போல நாமும் ஒரு தடவை செய்து பார்த்தால் என்ன என்ற வேடிக்கை. பள்ளிக்கூட நாட்களில் அண்ணாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, மையால் மீசை வரைந்து, கண்ணாடி முன் நின்று சிரிக்காத பெண் உண்டா?

எந்தக் கம்பெனியும் இந்தப் படத்தை எந்த உறையிலும் போட்டதில்லை, போடவும் முடியாது. பல ஆண்டுகள் கழித்துத்தான் அது வெளியுலகத்துக்குத் தெரிந்தது. பார்த்தவர்கள் சிலர் திடுக்கிட்டார்கள். பலர் புன்னகை செய்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபின், சிலையை வைத்து வெளிச்சம் பார்த்த கதை வேறு விதமாகப் படுகிறது. ஆயிரக்கணக்கான படங்களுக்கு எம்.எஸ். முகம் காட்டியிருப்பார். எப்படி நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு சிநேகிதியோடு சேர்ந்து தாமே தேர்ந்தெடுத்த கோலம் இது. உலகம் அறிந்த முகம் பொய் என்று சொல்லவில்லை, அதுவும் மெய்தான். ஆனால் ஒரு பெண்ணுக்கு ஒரே ஒரு முகம்தான் என்று யார் சொன்னார்கள்?

வேங்கிக்காலில் ஒரு பெண் பாடினால்

காலம் எவ்வளவோ மாறிவிட்டது. ஓர் அடி அட்டை காஸெட் வந்தபோது நாலு விரற்கடையாகச் சுருங்கிற்று. இப்போது டெலிபோன் திரையிலே தபால் தலை அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு நன்மை பாருங்கள். முன்பெல்லாம் கல்கத்தாவுக்கும் ஹானோவருக்கும் போய் வர வேண்டிய தட்டு, இன்று வீட்டுக் கூடத்திலேயே பிறந்துவிடுகிறது. வேலூர் சாலையில், கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்காலில், ஒரு பெண் பாடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளே பதிவு செய்து, அவளே படம் எடுத்து, அவளே எழுத்துப் போட்டு உலகத்துக்கு அனுப்பலாம். அவளுக்கு, அல்லது அவளைப் பெற்ற உங்களுக்கு, நாலு யோசனை.

ஒன்று: படம் சதுரமாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 3000 புள்ளி கணக்கில் தயார் செய்தால் பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் தயாரானதும் அதைத் தபால் தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முகமும் பெயரும் தெரிந்தால் தேறிற்று. கோபுரம், மலை, தீபம், வீணை, தாமரை எல்லாவற்றையும் அதற்குள் திணித்தால் ஒன்றும் தெரியாது.

இரண்டு: எழுத்து இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். கோயம்புத்தூர் தாயிக்கு இரண்டு வரி போதுமானதாக இருந்தது. நம் தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. மெல்லிய எழுத்திலே போட்டால் கரைந்துபோகும். தடித்த எழுத்தும், பின்னணிக்கு நேர்மாறான நிறமும் நல்லது.

மூன்று: வெளிச்சம். சிலை செய்ய வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்கு வாசல் திண்ணையில் உட்கார்ந்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பத்துப் படம் எடுத்தால் போதும். பாடிக்கொண்டே எடுக்காதீர்கள், உச்சஸ்தாயியில் யார் முகமும் அழகாக இராது!

நான்கு: இதுதான் முக்கியம். பத்துப் படங்களையும் அவள் முன் வைத்து, "எது நீ?" என்று கேளுங்கள். மாமா சொன்னது, பக்கத்து வீட்டார் சொன்னது, ஸ்டுடியோக்காரர் சொன்னது எல்லாம் அப்புறம். பட்டுப் புடவைதான் அவளுக்கு இஷ்டமானால் பட்டுப் புடவை. கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போகிற சாதாரண உடையானால் அதுவே. முகமே வேண்டாம், வெறும் எழுத்துப் போதும் என்றால் அதுவும் சரிதான்; பட்டம்மாள் செய்யவில்லையா?

பெயர் எழுதும்போது, முன்னால் இனிஷியலுக்குச் சிறிது இடம் விட்டு வையுங்கள். அதில் ஊரின் எழுத்து வரலாம். அப்பாவின் எழுத்து வரலாம். எத்தனையோ விடியற்காலைகளில் அவளைத் தட்டி எழுப்பி, தம்பூராவுக்குப் பதிலாகத் தாமே சுருதி கொடுத்துப் பாட வைத்த இன்னொருவரும் வீட்டில் இருப்பார். அவருடைய எழுத்துக்கும் அங்கே இடமுண்டு. மதுரையிலும் கொடுமுடியிலும் பிறந்த இரண்டு பெண்கள் அந்த இடத்தைப் பிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.